கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி

பிரெண்டாவின் இடது கண்ணில் மருந்துச் சொட்டு விழுந்தது. போர்வைக்குள் அவள் கால் விரல்கள் சுருண்டுகொண்டன.

"எரியுதா?" என்று கேட்டாள் சாந்தமேரி.

"மம்மி, ஒவ்வொரு தடவையும் அதையே கேக்காத லா. எரியத்தான் செய்யும்."

தாதி பாட்டிலை மூடினாள். "கண்ணை மூடிட்டு அப்படியே இரும்மா. அஞ்சு நிமிஷம் கழிச்சு அடுத்தது."

"ஏன் மிஸ்ஸி, ரெண்டையும் சேத்தே விட்டா என்ன?"

"ரெண்டாவது சொட்டு முதல் சொட்டை அடிச்சிட்டுப் போயிடும் ஆன்டி. கண்ணுல எடம் எவ்வளவு இருக்கு? ஒரு சொட்டுக்கே வழியுது."

சாந்தமேரி தலையாட்டினாள். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தது. இன்னும் பத்து இருந்தன. அவள் அப்படித்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் நடத்தும் தையல் கடைக்கு ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள், டேப் கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்குவதற்குள் மாமியார் சண்டைவரை சொல்லி முடித்திருப்பார்கள்.

ஆனால் மகளின் கண் விஷயத்தில் அவளுக்குக் கேள்வி கேட்கத் தோன்றியது தாமதமாகத்தான்.

போன சனிக்கிழமை காஜாங்கில் ஒரு தோழியின் கல்யாணம். பிரெண்டா சாம்பல் நிற லென்ஸ் போட்டுக்கொண்டு போனாள். பார்வைக் குறை எதுவும் இல்லை, அழகுக்குத்தான். ஞாயிறும் திங்களும் அதைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை ரயில் ஓட்டுநர் பயிற்சிக்குப் போன இடத்தில், கூடப் படிக்கும் மாதவி பயிற்சி அதிகாரியிடம் சொல்லிவிட்டாள்: 'பிரெண்டாவுக்குக் கண்ணு செவந்திருக்கு. சிக்னல் சரியாத் தெரியலன்னு நெனைக்கிறேன்.' அதிகாரி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான்கு வருடத் தோழி இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று பிரெண்டா அழுதாள். மாதவியின் எண்ணைக் கைப்பேசியில் தடுத்து வைத்தாள்.

அழுத கண்ணில் அப்பா டொமினிக், தன் கண்புரை அறுவை சிகிச்சைக்குக் கொடுத்திருந்த மருந்தில் மிச்சத்தை விட்டார். ஒரு நாள் சிவப்பு குறைந்த மாதிரி இருந்தது. வியாழக்கிழமை காலை அவளால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. களைந்து வைத்த அரிசியில் ஒன்று ஒட்டிக்கொண்டதுபோல் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. புள்ளியின் ஓரத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவளுடைய லென்ஸ் டப்பாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மணிக்கு ஒரு தடவை சொட்டு. பகல், இரவு என்ற பேதமில்லை.

இன்று சனிக்கிழமை. பரிசோதனை முடிவு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

---

டாக்டர் சீதாலெட்சுமி வந்தபோது டொமினிக் வார்டு வாசலிலேயே நின்றிருந்தார். மூன்று நாளாக அவர் உள்ளே வருவதும் வாசலுக்குப் போவதுமாக இருந்தார். மகளின் முகத்தை நேராகப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

டாக்டர், பிரெண்டாவின் முகவாயைக் கருவியின் தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய கீற்று வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார்.

"குட். புள்ளி பெருசாகல. ஓரம் நேத்து கொழகொழன்னு இருந்தது, இன்னிக்கு இறுகிட்டு வருது. வலி எப்படி?"

"நேத்துக்குக் கம்மி டாக்டர். ஊசி குத்துற மாதிரி இல்ல. மணல் விழுந்த மாதிரி இருக்கு."

"அப்ப மருந்து கேக்குது."

சாந்தமேரிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "எது டாக்டர் கேக்குது? உள்ள என்னதான் இருக்கு?"

டாக்டர் சிரித்தார். தன் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து நீட்டினார். வட்டமான இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் பச்சை கலந்த மெல்லிய படலம், கஞ்சியில் ஆடை கட்டியது போல.

"இது பிரெண்டா கண்ணுலேருந்து எடுத்தது. பக்கத்துல இருக்கிறது அவ லென்ஸ் டப்பாவுலேருந்து எடுத்தது. சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா. நாம மாவு கரைச்சு வெச்சா அதுவா புளிக்குதில்ல? அந்த மாதிரி இதுக்குப் புடிச்ச சாப்பாட்டைத் தட்டுல போட்டு, சூட்டுல வெச்சா வளந்துடும். ரெண்டுலயும் ஒரே கிருமி."

"பச்சையா இருக்கே!"

"அதோட நெறமே அதுதான். கிட்டப் போனா திராட்சை மாதிரி லேசா இனிப்பு வாசனைகூட வரும்."

சாந்தமேரி படத்தை உற்றுப் பார்த்தாள். பார்க்க அழகாக இருந்தது என்பதே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

டாக்டர் அடுத்த படத்துக்குத் தள்ளினார். அதே பச்சைத் தட்டு. அதன் மேல் சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளைக் காகித வில்லைகள். சில வில்லைகளைச் சுற்றி அகலமான வெற்று வட்டம். அங்கே பச்சை இல்லை. ஒன்றிரண்டு வில்லைகளை ஒட்டிக்கொண்டே பச்சை வளர்ந்திருந்தது.

"ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு ஆன்டிபயாட்டிக். சுத்திக் காலியா இருந்தா அந்த மருந்துகிட்ட கிருமியால வளர முடியலன்னு அர்த்தம். நாம விடுற ரெண்டு மருந்தும் இதோ, இதோ."

இரண்டு வட்டங்களும் பெரியதாகத்தான் இருந்தன. சாந்தமேரிக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணு போதாதா டாக்டர்? ஏன் ரெண்டு?"

"ஒண்ணு கிருமி தன்னைச் சுத்திக் கட்டுற செவுரைக் கட்டவிடாது. வீங்கி வெடிச்சிடும். இன்னொண்ணு அதுக்கு உள்ள போயி, அது உயிரோட இருக்கத் தேவையான சாமானைச் செய்யவிடாது. முதல் நாளே எந்தக் கிருமின்னு நமக்குத் தெரியாதில்லையா? அதனால ரெண்டு பக்கமும் அடிக்க ஆரம்பிச்சோம்."

"மாத்திரை குடுத்தா இவ்வளவு எரிச்சல் இல்லாம இருக்குமே?"

"கருவிழியில ரத்தக்குழாய் கெடையாது ஆன்டி. இருந்தா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்காது. முழுங்கின மருந்து ரத்தத்துலதான் ஓடும், அங்க சரியாப் போய்ச் சேராது. சொட்டுத்தான் நேரா போகும். ஆனா கண்ணீர் அதைக் கழுவிடுது. அதான் மணிக்கு ஒரு தடவை."

வாசலிலிருந்து டொமினிக் ஓரடி உள்ளே வந்தார்.

"டாக்டர், நான் விட்ட மருந்துலயும் ஆன்டிபயாட்டிக்னுதான் எழுதியிருந்துச்சு."

"இருந்தது அங்கிள். ஆனா இந்தக் கிருமிக்கு அது பத்தாது. அதோட ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும். சிவப்புங்கிறது உடம்பு சண்டை போடுற அடையாளம். சண்டையை நிறுத்திட்டா கிருமிக்குக் கொண்டாட்டம்."

டொமினிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"கிருமியைக் கொண்டு வந்தது நீங்க இல்ல," என்றார் டாக்டர். "இனிமே ஒருத்தருக்குக் குடுத்த சொட்டை இன்னொருத்தருக்கு விடாதீங்க. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடுங்க. பார்மசியில பொதுவா கெடைக்கிற குளோராம்பெனிகாலும் அப்படித்தான். பீளை தள்ளுற சாதாரணக் கண்ணுவலிக்கு நல்லா கேக்கும். இந்தக் கிருமிகிட்ட அது வேலைக்கு ஆகாது."

"பார்வை டாக்டர்? இவ ரயில் ஓட்டணும்." கேட்டது டொமினிக்தான். இத்தனை கேள்வி கேட்ட சாந்தமேரி அந்த ஒன்றைக் கேட்காமல் விட்டிருந்தாள்.

"புண்ணு ஆறினா தழும்பு விழும். தழும்பு கண்மணிக்கு நேரா வருமா, ஓரமா நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. முதல்ல கிருமி சாகட்டும்."

கிளம்பும்போது டாக்டர் பிரெண்டாவைப் பார்த்துக் கேட்டார். "லென்ஸை எதுல கழுவின?"

"சொலுஷன்லதான்," என்றாள் பிரெண்டா. சட்டென்று வந்த பதில்.

---

சாந்தமேரி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"சொலுஷன்ல கிருமி எப்படி வந்துச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"புது பாட்டில்தானே? நீ ஆர்டர் பண்ணி வந்தப்ப நான்தான் பார்சலை வாங்கினேன். சீல் போட்டிருந்துச்சு. சீல் போட்ட பாட்டில்ல பச்சையா எப்படி மொளைக்கும்?"

பிரெண்டா ஒற்றைக் கண்ணால் ஜன்னலைப் பார்த்தாள். சாந்தமேரி காத்திருந்தாள். கடையில் அவள் கற்ற ஒரே தந்திரம் அதுதான். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது.

"பாட்டில் காலியாயிடுச்சு மம்மி."

"எப்ப?"

"கல்யாணத்தன்னிக்கு. மாதவி வீட்டுலதான் ரெண்டு பேரும் கெளம்பினோம். பாட்டில் என் கையிலேருந்து விழுந்து எல்லாம் கொட்டிடுச்சு. கடைக்குப் போக நேரமில்ல. பைப்புத் தண்ணிதானே, குடிக்கிற தண்ணிதானேன்னு..." அவள் நிறுத்தினாள். "டப்பாவுல ஊத்திட்டேன்."

சாந்தமேரி நெற்றியில் அடித்துக்கொள்ளப் போனாள். கை பாதியில் நின்றது. 'ரெண்டு பேரும் கெளம்பினோம்' என்ற மகள், 'என் டப்பா' என்று சொல்லவில்லை.

"மாதவியும் லென்ஸ் போட்டிருந்தாளா?"

பிரெண்டாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வலியால் வந்ததா, வேறா என்று தெரியவில்லை.

"ஒரே மாதிரி ரெண்டு ஜோடி வாங்கினோம். அவ மேக்கப் போட்டுட்டு இருந்தா. ரெண்டு டப்பாவுலயும் நான்தான் ஊத்தினேன். அவளுக்குத் தெரியாது."

"வியாழக்கிழமையே ஏன் சொல்லல?"

"கோவம் மம்மி! என்னைப் போட்டுக் குடுத்தவளுக்கு நான் ஏன் சொல்லணும்னு இருந்துச்சு. அப்புறம், அவளுக்கு வந்திருந்தா இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும், நல்லாத்தான் இருப்பான்னு நெனைச்சேன்."

சாந்தமேரி எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து மாதவிக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. மாதவியின் அம்மா வீரம்மா தீபாவளிக்கு சாந்தமேரியிடம்தான் ரவிக்கை தைக்கக் கொடுப்பாள். அந்த எண் இருந்தது.

"ஐயோ மேரி, நானே கேக்கணும்னு இருந்தேன், பிரெண்டா எப்படி இருக்கா?"

"இருக்கா அக்கா. மாதவி எங்க?"

"ரூம்லதான். நேத்துலேருந்து கண்ணுல கூச்சமாம். திரையைப் போட்டுட்டுப் படுத்திருக்கா. பார்மசியில சொட்டு வாங்கி விட்டுட்டு இருக்கா. திங்கக்கிழமை ரயில் ஓட்டுற டெஸ்ட், அதுக்குள்ள சரியாயிடும்ங்கிறா."

சாந்தமேரி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கணவனைப் பார்த்துக் கையசைத்தாள். "என்னங்க, வேனை எடுங்க."

---

டொமினிக் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். சனிக்கிழமை என்பதால் காலியாக இருந்தது. செராஸ் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன.

"மேரி."

"ம்."

"அந்த மருந்தை நான் விடாம இருந்திருந்தா..."

"இருந்திருந்தா ஒரு நாள் முன்னாடி வந்திருப்போம். இப்ப இன்னொரு புள்ளைக்கு ஒரு நாள் முன்னாடி போறோம். ரோட்டைப் பாருங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா நம்ம புள்ள அந்தக் கண்ணோட ரயில் எடுத்திருப்பா," என்றார்.

சாந்தமேரியும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை மகளோடு சேர்ந்து அவளும் மாதவியைத் திட்டியிருந்தாள்.

---

மாதவியின் அறையில் பகல் வெளிச்சமே இல்லை. திரைக்கு மேல் ஒரு போர்வையும் தொங்கியது. அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்டி, பிரெண்டா சண்டைக்கு அனுப்பினாளா?"

"கண்ணாடியைக் கழட்டு."

"ஒண்ணுமில்ல ஆன்டி. சாதாரணக் கண்ணுவலி."

"சாதாரணம்னா பீளை தள்ளும், காலையில ரெப்பை ஒட்டிக்கும். இப்படி வெளிச்சத்துக்குப் பயந்து போர்வை மாட்டச் சொல்லாது. கழட்டும்மா."

மாதவி கழற்றினாள். சாந்தமேரி கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, டாக்டர் பிடித்த மாதிரியே சாய்த்தாள். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கருவிழியில், ஓரத்தில் அல்ல, ஏறக்குறைய நடுவிலேயே, சிறியதாக ஒரு வெள்ளை.

மேசையில் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. சாந்தமேரி எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். குளோராம்பெனிகால்.

"லென்ஸைக் கடைசியா எப்ப போட்ட?"

"வியாழக்கிழமை."

"இது உன் கண்ணுக்குக் கேக்காது. வா, போலாம். டப்பாவையும் எடுத்துக்கோ, கழுவாத."

மாதவி நகரவில்லை. "திங்கக்கிழமை டெஸ்ட் ஆன்டி. போனா அட்மிட் பண்ணிடுவாங்க. இந்த பேட்சை விட்டா அடுத்தது எப்ப வரும்னே தெரியாது. எடது கண்ணு நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை முடிச்சிட்டு நானே வரேன்."

"பிரெண்டாவும் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா. நீதான் போய்ச் சொன்ன."

மாதவி கழற்றிய கண்ணாடியைக் கையில் மடக்கினாள். "தெரியும் ஆன்டி. ரெண்டு நாளா அதையேதான் நெனைச்சிட்டு இருக்கேன். அவளைச் சொல்லும்போது எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. எனக்குன்னு வந்ததும் கண்ணாடி போட்டு மறைக்கிறேன்."

வாசலில் நின்ற வீரம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாந்தமேரி தன் கைப்பேசியை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த பிரெண்டாவுக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டில் மேல் வைத்தாள்.

"மம்மி? பாத்தீங்களா? எப்படி இருக்கா?"

"அவகிட்டயே கேளு."

பிரெண்டா சொன்னாள், அவசர அவசரமாக, எங்கே நின்றுவிடுவோமோ என்று பயந்தவள்போல:

"மாது, அன்னிக்கு உன் டப்பாவுல பைப்புத் தண்ணிய ஊத்தினது நான்தான். சொலுஷன் கொட்டிடுச்சு. உன்கிட்ட சொல்லல. அப்புறமும் சொல்லல. கோவத்துல சொல்லல."

மாதவி கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பைப்புத் தண்ணியா?"

"ம்."

"அறிவு இருக்கா உனக்கு?"

"இல்ல. என்னைத் திட்டணும்னா இங்க வந்து திட்டு. பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருக்கு. சொட்டு விட்டா நெருப்பு மாதிரி எரியும், தொண்டையில கசக்கும், தூங்கவே விடமாட்டாங்க. ஆனா எனக்குப் புள்ளி நின்னுடுச்சு மாது. வளரல. நீ வா."

மாதவி அழுதாள். "அழாத புள்ள, இன்னும் எரியும்," என்று சாந்தமேரி அவள் தோளைப் பிடித்தாள். வீரம்மா அலமாரியைத் திறந்து கையில் கிடைத்த துணியைப் பைக்குள் திணித்தாள்.

வேன் காஜாங் கடைத்தெருவைத் தாண்டியது. மாதவி சின்னப் பிள்ளைகள் உட்காரும் தாழ்வான இருக்கையில் முழங்காலை மடித்துக்கொண்டு, மடியில் லென்ஸ் டப்பாவை வைத்திருந்தாள்.

"ஆன்டி, என் போன்ல என்சிக் ரொஸ்லான்னு இருக்கும். கண்ணு கூசி எனக்கு எழுத்து தெரியல. போட்டுத் தரீங்களா?"

"யாரு அது?"

"எங்க டிரெய்னர்."

சாந்தமேரி பெயரைத் தேடி அழுத்திக் கொடுத்தாள். மாதவி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணி அடித்தது. திரும்பவும் அடித்தது. பிறகு ஒரு ஆண் குரல் கேட்டது.

"சார், மாதவி பேசுறேன்," என்று மலாயில் ஆரம்பித்தாள் அவள். "ஒருத்தருக்குக் கண்ணு சரியில்ல, ரயில் எடுக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். இல்ல சார், பிரெண்டாவை இல்ல. என்னைத்தான்."